பாலைமரத்தில் ஏறிய மாப்பிள்ளை

கிளென் ஈடன்,
ஆக்லாந்து,
22 மார்ச் 1988

மச்சான் சபாரத்தினத்துக்கு,

இங்கே நானும் மகன் வீட்டாரும் சுகம். உமது வீட்டுச் சுகத்தைத்தான் அடுத்தவரிடம் கேட்டு அறியவேண்டியிருக்கிறது. ஏழு தரம் போன் எடுத்தேன். ஆறு தரம் மணி அடித்து ஓய்ந்தது. ஏழாம் தரம் நீர் எடுத்தீர், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர். இந்த நாட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில் என் குரலைக் கேட்டு வானொலியை நிறுத்தியவர்கள் இருக்கலாம். போனை வைத்தவர் நீர் ஒருவர்தான்.

தங்கச்சி செல்வநாயகியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமைப் பூசையில் தவராசா சொன்னான். ஈரலில் கட்டியாம், வெட்டி எடுக்க முடியாத இடமாம். கூடப்பிறந்தவன் நான் இதைத் தவராசா வாயால் கேட்கவேண்டுமா? அவன் சொல்லும்போது கையில் கடலைத் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீர் கோபமாயிருப்பது தெரியும். பதின்மூன்றாம் திகதி ஞாயிறு வானொலியில் வாசித்த கதைதானே? மச்சான், அது காட்டுக் கதை. ஐம்பத்திரண்டில் நான் நீர்ப்பாசன ஓவசியராய் வன்னியில் காடு வெட்டுவித்த காலத்தில், குடியேற வந்த சனம் நெருப்பைச் சுற்றியிருந்து அவிழ்த்துவிட்ட புளுகுகளைக் கொப்பிகளில் எழுதி வைத்தேன். அவற்றைத்தான் இரண்டு வருடமாய் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தமிழ் அரைமணியில் வாசிக்கிறேன். அந்தச் சனத்தில் ஒருவர், புளுகுக் காத்தார், சொன்ன கதை உமக்கு நினைவிருக்குமே. யானை நில அளவைச் சங்கிலியை விழுங்கிவிட்டது, மிச்சம் பின்னால் தொங்க அது நடந்த வழியெல்லாம் சேர்வையர் எல்லை போட்டான், அதனால்தான் அந்தக் குடியேற்றத்தில் ஒரு காணியும் நேராயில்லை. அன்று நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். சங்கக்கடை வரிசையில் முதலை கூப்பன் புத்தகத்தோடு நின்ற கதைக்கு நீரே போன் பண்ணி, "அத்தான், அந்த முதலைக்கு எத்தினை கொத்து அரிசி குடுத்தவை?" என்று கேட்டீர். அப்போதெல்லாம் கதை கதையாயிருந்தது. ஒரு மாப்பிள்ளை பாலைமரத்தில் ஏறியவுடன் மட்டும் கதை இல்லாமல் போய்விட்டதா?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

சனிக்கிழமை தங்கச்சியைப் பார்க்க வருகிறேன். நகரத்துக்கு வந்து பஸ் மாறி வரப் பதினொரு மணியாகும். எனக்குச் சமைக்க வேண்டாம்.

உமது மச்சான்,
ஏரம்பமூர்த்தி


பாபடோயிட்டோய்,
30 மார்ச் 1988

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை நீங்கள் வந்ததும் தெரியும். நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். இயந்திரச் சத்தத்தில் நீங்கள் கூப்பிட்டது கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேற்றடியில் நாற்பது நிமிடம் நின்றீர்கள். எங்கள் முற்றத்துப் புல் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி இருபது நிமிடமும் வெட்டிய இடத்தையே வெட்டினேன்.

நீங்கள் வாசித்த கதையை உங்களுக்கே ஒருமுறை சொல்லிக் காட்டுகிறேன். கரடி வருகிறது. மாப்பிள்ளை பெண்சாதியைக் கீழே விட்டுவிட்டுப் பாலைமரத்தில் ஏறிவிடுகிறார். உச்சியிலிருந்து, "பயப்பிடாதை, நான் இருக்கிறன்! இடக்கைப் பக்கம் அடி! இப்ப குனி!" என்று கத்துகிறார். இந்த மனிசனோடு சீவிக்கிறவளை நான் வேறு கடிக்கவேண்டுமா என்று கரடி வெறுத்துப்போய்ப் போய்விடுகிறது. இறங்கி வந்தவர், "பாத்தியே, என்ரை சத்தத்துக்கு ஓடியிட்டுது" என்கிறார். இதுவரை காட்டுக் கதைதான். ஆனால் மரம் ஏறும்போது அவர் கக்கத்தில் ஒரு பச்சைத் தோல்பை இருந்தது என்றும், அதற்குள் அவருடைய படிப்புச் சான்றிதழ்கள் இருந்தன என்றும் வாசித்தீர்கள். காடு வெட்டுகிறவனுக்கு ஏது அத்தான் சான்றிதழ்?

எண்பத்து மூன்று யூலையில், கொழும்பில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கும்பல் வந்தபோது நான் பின்மதிலால் பாய்ந்தேன். கையில், இன்றும் நான் வேலைக்குக் கொண்டுபோகிற அதே பச்சைத் தோல்பை. உங்கள் தங்கை குசினியில் நின்றாள். அவர்கள் அடித்த யன்னலின் கண்ணாடி அவள் இரண்டு கண்ணிலும் பட்டது. நான் பாய்ந்தது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவள் ஒரு தங்கையாக உங்களிடம் சொன்னாள். நீங்கள் ஆக்லாந்தில் இருக்கிற நாற்பது தமிழ் வீட்டுக்கும் சொன்னீர்கள்.

நீங்கள் வாசித்ததற்கு அடுத்த நாள், நான் வேலை செய்கிற விமான நிலையச் சமையல்கூடத்தில் தட்டு அடுக்கும்போது, பக்கத்தில் நிற்கிற மதுரைப் பையன் என்னிடம், "சார், மரத்துலேருந்து எறங்கிட்டீங்களா?" என்று கேட்டான். அவன் உங்கள் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கிறவன். கொழும்பில் அவனைப்போல் முப்பது பேரை வகுப்பில் வைத்துக் கணக்குப் படிப்பித்தவன் நான்.

உங்கள் தங்கையும் அந்த ஞாயிறு கேட்டாள். அழுதாள். உங்களைப் பார்க்க விருப்பமில்லை என்கிறாள். அவளுக்குக் கண் தெரியாததால் உங்கள் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

சபாரத்தினம்


கிளென் ஈடன்,
6 ஏப்ரல் 1988

மச்சான்,

பச்சைப் பையை நான் சேர்த்திருக்கக்கூடாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்திவிட்டால் எனக்கு வாய் நீளும். கொப்பியில் இல்லாதது இரண்டு தானாய் வந்து விழும், சனம் அதற்குத்தான் காத்திருக்கும். அன்று அந்தப் பை வந்து விழுந்தது. வியாழக்கிழமை ஸ்டூடியோவில் பதிந்துவிட்டு வெளியே வரும்போதே மனம் ஒருமாதிரித்தான் இருந்தது. மூன்று நாள் இருந்தது, போன் பண்ணி அந்த நாடாவை நிறுத்தியிருக்கலாம். நல்லாய் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதேயும். பாய்ந்தது நீர், சொன்னது நான். எது பெரிது?

நாற்பது நிமிடம் என்னை மணி பார்த்துக் கேற்றடியில் நிற்க வைத்தீரே, அதைச் சொல்லவும் கூச்சமில்லை உமக்கு. அறுபத்தைந்து வயதில் முழங்கால் எப்படியிருக்கும் என்று உமக்கும் ஒருநாள் தெரியவரும்.

கீழே வருவதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டும்.

செல்வம், அண்ணை எழுதுறன். உனக்கு என்னிலை கோவம் எண்டு மச்சான் எழுதியிருக்கிறார். கோவிச்சுக்கொள், உனக்கு உரிமை இருக்கு. ஆனா என்னைக் கூப்பிட்டு முன்னாலை இருத்தி வைச்சுக் கோவி. உள்ளுக்கு விட விருப்பமில்லாட்டி கேற்றடியிலை நிக்கவும் எனக்குச் சம்மதம். நீ யன்னலடிக்கு வந்தால் காணும். உனக்குக் கண் தெரியாட்டிலும் எனக்கு உன்னைத் தெரியும்தானே. சாப்பாடு இறங்குதோ? மத்தியானத்திலை நித்திரை கொள்ளுறியோ? ஒரு வரி சொல்லு, மச்சான் எழுதுவார்.

ஏரம்பமூர்த்தி


பாபடோயிட்டோய்,
14 ஏப்ரல் 1988

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வருடம் பிறந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பொங்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: பாய்ந்ததுதான் பெரிது. ஐந்து வருடமாய் எனக்கு அது தெரியும். அவளுக்குச் சோறு பிசைந்து, கறி இன்ன பக்கம் இருக்கிறது என்று விரலைப் பிடித்துக் காட்டும்போது தெரியும். சீப்பெடுத்துத் தலை இழுத்துவிடும்போது தெரியும். அதை எனக்கு அறிவிக்க ஒரு வானொலி நிலையம் வேண்டியதில்லை.

வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் அவளைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே கதையை மறுபடி வானொலியில் வாசியுங்கள். இந்த முறை மாப்பிள்ளை மரத்தில் ஏறக்கூடாது. நின்று கரடியோடு மல்லுக்கட்டவேண்டும். வாசித்து முடித்ததும், முன்பு சொன்னது நான் வன்மத்தில் கட்டிய பொய் என்று உங்கள் வாயால் சொல்லவேண்டும். சொன்ன பிறகு வாருங்கள், கேற்றைத் திறந்து வைக்கிறேன். அதுவரை வரவேண்டாம். நீங்கள் வந்து சத்தம் போட்டால் அந்தரப்படப்போவது அவள்தான். போனையும் வெட்டிவிட்டேன். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

சபாரத்தினம்


கிளென் ஈடன்,
20 ஏப்ரல் 1988

மச்சான்,

பிணை பிடித்து வைத்துக்கொண்டு கேட்கிறதற்கு என்ன பெயர் என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா? படுக்கையில் கிடக்கிறவளைக் காட்டி என்னைக் குனிய வைக்கப் பார்க்கிறீர்.

எனக்கு இந்த நாட்டில் என்ன இருக்கிறது, சொல்லும். மகன் வேலைக்குப் போய்விடுவான். மருமகள் போய்விடுவாள். பேரப்பிள்ளைகள் நான் தமிழில் கேட்டதற்கு இங்கிலீசில் பதில் சொல்லிவிட்டு ரீவிக்கு முன்னால் போய்விடுவார்கள். கிழமையில் அரைமணித்தியாலம்தான் நான் ஒரு ஆள். கடைத்தெருவில், "ஐயா, போன கிழமை முதலைக் கதை நல்லாயிருந்தது" என்று ஒரு ஆள் சொன்னால் ஏழு நாளைக்கு அது போதும் எனக்கு. அந்த இடத்தில் இருந்துகொண்டு நான் வன்மக்காரன், பொய்காரன் என்று சொன்னால், அடுத்த ஞாயிறு யார் கேட்பான்? புளுகுகிறவனுக்கும் ஒரு மானம் இருக்கிறது. காத்தார் ஒரு கதையைச் சொல்லிவிட்டார் என்றால் ஓவசியர் அல்ல, கவன்மேந்து ஏசண்டே வந்து கேட்டாலும் மாற்றமாட்டார்.

ஒரு மாதம் நிகழ்ச்சியை நிறுத்துகிறேன். உம்முடைய கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்கிறேன், உமது குசினிக்குள்ளே வைத்து. வானொலியில் முடியாது.

தங்கச்சிக்கு: செல்வம், நான் பிடிவாதக்காரன் எண்டு உனக்குத் தெரியும். நீ ஒரு சொல் சொன்னால் மச்சான் கேப்பார். சொல்லு.

ஏரம்பமூர்த்தி


பாபடோயிட்டோய்,
27 ஏப்ரல் 1988

அத்தானுக்கு,

டொக்டர் இனி மாதக் கணக்குச் சொல்லமாட்டாராம். கிழமைக் கணக்குத்தானாம். நேற்று நர்ஸ் வந்து மோர்பின் ஏற்றும் சிறு பெட்டியொன்றைத் தலைமாட்டில் பொருத்திவிட்டுப் போனார். சேர்ந்தாற்போல் அரைமணித்தியாலம் விழித்திருப்பதே பெரிய காரியம். ஈரத்துணியால் உதட்டை நனைக்கிறேன். பக்கத்து வீட்டு மங்கம்மா, பீஜியிலிருந்து போன வருடம் வந்தவர், நான் வேலைக்குப் போகும் நேரம் வந்து இருக்கிறார்.

உங்கள் மானம் சுகமாயிருக்கட்டும்.

சபாரத்தினம்


கிளென் ஈடன்,
1 மே 1988

மச்சான்,

நீர் வென்றீர். வியாழன் பதிவு, எட்டாம் திகதி ஞாயிறு ஒலிபரப்பு. நீர் சொன்னபடியே வாசிக்கிறேன். மாப்பிள்ளை நிற்பார், கரடிதான் மரமேறும். நான் பொய் சொன்னேன் என்றும் சொல்கிறேன். கேட்டவுடன் எழுதும். அடுத்த பஸ்ஸில் நிற்பேன்.

உமது கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன கிழமையே ஓம் என்று எழுதியிருந்தால் இன்று அவளுக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். ஒரு கிழமையை என் வாயால் தின்றுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அவள் விழித்திருக்கிற நேரம் பார்த்து இதை வாசித்துக் காட்டும்.

செல்வம், அண்ணை வாறன். இன்னும் எட்டுப் பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைத் தலைமாட்டிலை வைக்கச் சொல்லு, அண்ணை உனக்காகத்தான் வாசிக்கிறன், வேறை ஆருக்கும் இல்லை. மச்சான் எழுதின உடனை வந்து உன்ரை காலடியிலை இருப்பன். நீ ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. நான் கதைக்கிறன். உனக்குத் தெரியும்தானே, எனக்கு அது மட்டும்தான் ஏலும்.

ஏரம்பமூர்த்தி


பாபடோயிட்டோய்,
10 மே 1988

அத்தானுக்கு,

கேட்டேன். காத்தாரின் குரலில், இழுத்து இழுத்து, கரடி மரத்தில் ஏறி "ஐயோ, மாப்பிள்ளை வாறார்" என்று கத்துவதாய் வாசித்தீர்கள். மன்னிப்பையும் அதே குரலில் சொன்னீர்கள். சமையல்கூடத்தில் இந்த முறை மூன்று பேர் சிரித்தார்கள். சென்ற முறை ஒருவன்தான்.

உங்களுக்குக் கதையாய்ச் சொன்னால்தான் வரும். ஆகவே கதையில்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். எண்பத்தொன்றில், எங்களை இங்கே எடுக்க விசாவுக்கு உங்கள் மகன் ஸ்பொன்சர் பண்ணுவாரா என்று கேட்டு நானும் அவளும் எழுதினோம். "மகன் இப்போதுதான் வீட்டுக்கு மோர்ட்கேஜ் கடன் எடுத்திருக்கிறான், இரண்டு வருடம் பொறுங்கள்" என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். இரண்டு வருடம் பொறுத்தோம். எண்பத்து மூன்று வந்தது. நான் பாய்ந்த மதில் ஏழடி. நீங்கள் ஏறியிருந்த மரம் ஏழாயிரம் மைல். அங்கே இருந்துகொண்டு, "பயப்படவேண்டாம், நான் இருக்கிறேன்" என்று மாதம் ஒரு கடிதம் எழுதினீர்கள். அந்தக் கடிதங்கள் அந்த வீட்டோடு எரிந்தன.

இதை உங்கள் சொந்தக் குரலில், உங்கள் பெயரையும் அவள் பெயரையும் சொல்லி வானொலியில் சொல்லுங்கள். அதுதான் கடைசி. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

அவளுக்கு இப்போது வலி இல்லை.

சபாரத்தினம்


கிளென் ஈடன்,
17 மே 1988

மச்சான்,

வலி இல்லை என்று எழுதியதைப் படித்து விளக்கு வைத்துக் கும்பிட்டேன். உமக்குப் புண்ணியம் கிடைக்கும்.

எண்பத்தொன்றை நீர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. உமக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஊருக்குச் சொல்லத்தானே போகிறேன். மகனிடம் நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பான். அப்போது நான் வந்து இரண்டு வருடம், மருமகளின் முகத்தைப் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கிற காலம். என் பக்கத்து ஆட்களும் வந்து இறங்கினால் என் பாடு என்னாகுமோ என்று பயந்து, உங்கள் கடிதத்தைக் கொப்பிகளுக்குள் வைத்துவிட்டு நானே அந்தப் பதிலை எழுதினேன். பிறகு நீங்கள் எரிந்த வீட்டிலிருந்து வந்து இறங்கினபோது, விமான நிலையத்தில் அவள் கையால் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்து, "அண்ணை மெலிஞ்சு போனார்" என்றாள். அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை.

இந்த வியாழன் வேறு ஆட்களின் நேரமாம். அடுத்த வியாழன் பதிந்து இருபத்தொன்பதாம் திகதி போகும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று ரேடியோவை அவளுக்குப் பக்கத்தில் வைக்காதேயும். அவள் கேட்கவேண்டியது என்னிடம் நேரில்.

அவள் கையைப் பிடித்து இந்தக் கடிதத்தின் அடியில் ஒரு கோடு கீறுவித்து அனுப்பும். கோணலாயிருந்தாலும் போதும்.

ஏரம்பமூர்த்தி


கிளென் ஈடன்,
30 மே 1988

மச்சான்,

கோடு வரவில்லை. கையில் பலம் இல்லையாக்கும்.

சொல்லிவிட்டேன். நேற்றுக் கேட்டிருப்பீர். கொப்பி இல்லாமல் அந்தக் கதிரையில் இருந்தது அதுதான் முதல்தரம். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு செய்கிற வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. வழக்கம்போல் இதுவும் பகிடிக் கதை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாதியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். முடிந்ததும் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நேற்று மாலை மகன் குசினியில் நின்று கேட்டான். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நான் சொன்னனானா அப்பா, மோர்ட்கேஜ் எண்டு?" பிறகு வானொலியை நிறுத்தினான். இன்று காலை தேத்தண்ணி மேசையில் இல்லை. நானே போட்டுக் குடித்தேன். நிகழ்ச்சி கேட்டுவிட்டு ஒருவரும் போன் எடுக்கவில்லை. தவராசாகூட எடுக்கவில்லை.

எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. இனி உம்மிடம் கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை மச்சான். அடுத்த திங்கள் மகாராணியின் பிறந்தநாள் லீவு, உமக்கும் வேலை இருக்காது. பத்து மணிக்கு வருகிறேன். அவளுக்குப் பிடித்த பனங்காய்ப் பணியாரம் இங்கே செய்ய வழியில்லை. என்ன கொண்டுவரலாம் என்று எழுதும்.

செல்வம், அண்ணை திங்கக்கிழமை வாறன். இந்தமுறை உண்மை.

ஏரம்பமூர்த்தி


பாபடோயிட்டோய்,
2 யூன் 1988

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

ஒன்றும் கொண்டுவரவேண்டாம். செல்வநாயகி மே நாலாம் திகதி புதன்கிழமை விடியற்காலையில் காலமானாள். நீங்கள் ஓம் என்று எழுதிய கடிதம் அன்று மத்தியானத் தபாலில் வந்தது. அவளைக் கொண்டுபோன பிறகு திறந்து வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை தகனம். மங்கம்மாவின் ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். எங்கள் தேவாரம் அவர்களுக்குத் தெரியாது, இந்தியில் ஒரு பஜனை பாடினார்கள். இவளுக்கு அண்ணன் தம்பி இல்லையா என்று மங்கம்மா கேட்டார். இல்லை என்றேன். தமிழ் ஆட்களுக்குச் சொல்லவில்லை. மார்ச் மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எந்தத் தமிழ் ஆட்கள் வந்தார்கள், சொல்ல? அஸ்தியை மனுக்காவ் கடலில் கரைத்தாயிற்று.

அவளுக்கு வலி இல்லை என்று மட்டும்தான் எழுதினேன். மற்றதை நீங்களே கட்டிக்கொண்டீர்கள். உங்களுக்குக் கதை கட்டச் சொல்லித்தரவா வேண்டும்?

இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். வாசித்துக் காட்ட உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். கேற்றடியில் நிற்கவும் சம்மதம், யன்னலடிக்கு வந்தால் போதும் என்று நீங்கள் எழுதியதை நான் அவளுக்கு இப்படி வாசித்தேன்: "செல்வம், பஸ் மாறி மாறி வர எனக்கு ஏலாது. குளிர் விட்டாப்பிறகு பாப்பம். நிகழ்ச்சி வேலையும் கூட." உங்களைப்போலவே இழுத்து வாசித்தேன். "ஓம், அண்ணை இப்பிடித்தான் கதைப்பார்" என்றாள். அடுத்த கடிதத்தில் நீங்கள் மாட்டேன் என்றதை மாற்றாமல் வாசித்தேன். அதற்கு மாற்றம் தேவைப்படவில்லை. கடைசிக் கிழமையில் விழிப்பு வந்தபோதெல்லாம், "அண்ணை இண்டைக்கும் வரேல்லையே?" என்று கேட்டாள். ரேடியோவில் வேலை என்றேன். "அவருக்கு எங்களைவிட அந்தக் காடுதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். உங்களைப்பற்றி அவள் கடைசியாய்ச் சொன்னது அதுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். பையைச் சொன்னதற்கு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருப்பீர்கள். மார்ச் பதின்மூன்றாம் திகதி உங்கள் கதையைக் கேட்டு அவள் அழவில்லை. அது நான் எழுதிய பொய். அவள் சிரித்தாள். "இடக்கைப் பக்கம் அடி" என்ற இடத்தில் தொடங்கி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்று நோவோடு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் பக்கத்தில் கதிரையில் இருக்கிறேன் என்பதையும் மறந்துவிட்டாள். ஐந்து வருடம் சோறு தீத்தினேன், தலை இழுத்தேன், கையைப் பிடித்துக் கொண்டு திரிந்தேன். ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவளை நான் மன்னிக்கவில்லை. உங்களையும் மன்னிக்கமாட்டேன்.

இரண்டு ஞாயிறும் தனியே இருந்து உங்களைக் கேட்டேன். வானொலியை அவள் கட்டிலில் வைத்திருந்தேன். இருபத்தொன்பதாம் திகதி, விமான நிலையத்தில் அவள் உங்கள் முகத்தைத் தடவியதைச் சொன்ன இடத்தில் குரல் உடைந்தது. இரண்டு வருடத்தில் அதுதான் நீங்கள் நன்றாய் வாசித்தது.

சபாரத்தினம்


கிளென் ஈடன்,
4 யூன் 1988

மச்சான்,

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நல்ல புளுகு. காத்தார்கூட இப்படி அவிழ்த்துவிட்டதில்லை. முப்பத்தாறு வருடமாய்ப் புளுகு கேட்டு, எழுதி, வாசித்து வருகிறவனுக்கு ஒரு புளுகைக் கண்டால் தெரியாதா? ஒரு சாவு நடந்தால் ஒரு தமிழ் வீட்டுக்குமா தெரியாமல் போகும்? அதிலும் தேவாரம் இல்லாமல் அவளை அனுப்புவீரா நீர்? அவள் தேவாரம் படிக்காமல் ஒருநாள் சோற்றில் கை வைத்ததில்லை என்று உமக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் பிடிபட்டீர். என்னைப் பயமுறுத்த எழுதியிருக்கிறீர். சரி, பயந்துவிட்டேன். உமக்குத் திருப்திதானே?

அவள் சிரித்தது மட்டும் உண்மையாயிருக்கும். அதை உம்மால் கட்டமுடியாது.

இன்னும் என்ன வாசிக்கவேண்டுமோ எழுதி அனுப்பும், ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்கிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை வாசிக்கச் சொன்னாலும் வாசிக்கிறேன். இனி உம்மை நீர் என்றும் சொல்லமாட்டேன், நீங்கள் என்றே சொல்கிறேன். மச்சான், நீங்கள் சொல்லுங்கள், இது புளுகுதானே?

லீவு நாளில் பஸ் இல்லையாம். மகனிடம் கேட்க முகம் இல்லை. வியாழக்கிழமை பதிவுக்குப் போகவில்லை, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உள்ளே விடவேண்டாம். அவளை எழுப்பவும் வேண்டாம், முழித்திருக்கும்போது சொன்னால் போதும். உள்ளேயிருந்து ஒரே ஒருதரம் "அண்ணை" என்று கூப்பிடச் சொல்லுங்கள். நான் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஏரம்பமூர்த்தி